முதல் நூற்றாண்டுக்குக் குடிபோன பிள்ளை

1

என் கணவர் சேவியர் இறந்து, போன வாரத்தோடு ஒரு வருஷம் முடிந்தது. ஊரிலிருந்து நீங்கள் பலர் போன் செய்து, பூசை வைத்தாயா, ஜெரோம் எப்படி இருக்கிறான் என்று கேட்டீர்கள். பூசை வைத்தேன், மகன் நன்றாக இருக்கிறான் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் நடந்ததைப் போனில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நினைவுத் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கப் பங்கு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த பெண், "வாசகம் யாரு அக்கா வாசிக்கிறது? ஜெரோம்தானே?" என்று கேட்டாள். சிறுவயதில் பீடத்தில் மணி அடித்து, வளர்ந்ததும் வாசகம் வாசித்து, அந்தக் கோயிலுக்குள்ளேயே பெரியவனானவன் அவன். ஆமாம், அவன்தான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அவனுக்குப் போன் செய்தேன்.

"நான் வரலம்மா," என்றான்.

"ஏன், வேலையா? ஷிஃப்ட் மாத்திக்கக் கூடாதா?"

"ஷிஃப்ட் இல்லம்மா," என்றான். "முதல் கிறிஸ்தவங்க செத்தவங்களுக்குப் பூசை வச்சாங்களா? எங்க இருக்கு, காட்டுங்க. அவங்க செய்யாதத நான் எப்படி செய்யறது?"

"இது உங்க அப்பாவுக்குடா."

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன்."

அந்த வார்த்தை எனக்கு அப்போது புரியவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன். போனை வைப்பதற்கு முன்னால், "சனிக்கிழமை எங்க சபைக்கு வாங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டு அப்புறம் திட்டுங்கலா," என்றான். என் மகனுக்கு எவ்வளவு வருத்தமான பேச்சிலும் அந்த 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே மலாய் மண்ணில் பிறந்த பிள்ளை.

2

தூத்துக்குடியில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் உங்களுக்குத் தெரியும். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, சாயங்காலம் குடும்பம் குடும்பமாகப் போய் உட்கார்ந்திருப்போம். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தால் பக்கத்துக் கல்லறைக்காரரிடம் நெருப்பு வாங்கிக்கொள்வோம். இது எந்த நூற்றாண்டில் தொடங்கியது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.

கல்யாணமாகி இந்தத் தீவுக்கு, ஜார்ஜ் டவுனுக்கு வந்து முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனபோது, நம் ஊர் வழக்கப்படி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு நுழைந்தேன். கோயிலில் என்னைத் தவிர ஒருத்தி தலையிலும் துணி இல்லை. எல்லோர் காலிலும் செருப்பு. கணவர் வீட்டுப் பெண்கள் நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். "அதெல்லாம் அந்தக் காலம் செல்வி," என்றார்கள். சில மாதங்களில் நானும் விட்டுவிட்டேன். அதே பெண்கள் பெரிய வெள்ளிக்கிழமையன்று பாடிய ஒப்பாரி, என் அம்மா காலத்திலேயே நம் பங்கில் நின்றுபோன ஒப்பாரி. அவர்களுடைய பூட்டன் கப்பலேறியபோது கொண்டுவந்ததை அப்படியே வைத்திருந்தார்கள். நாம் விட்டதை அவர்கள் வைத்திருந்தார்கள், நாம் வைத்திருந்ததை அவர்கள் விட்டிருந்தார்கள். எது முதலில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சேவியர் கடலுக்கு அந்தக் கரையில் மாக் மண்டினில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். விடியற்காலையில் ஃபெரி ஏறிப் போய், சாயங்காலம் ஃபெரியிலேயே திரும்பி வருவார். அதிகம் பேசாத மனிதர். ஜெபமாலையைச் சட்டைப் பையில் வைத்திருப்பார், வெளியே எடுத்து நான் பார்த்தது குறைவு.

3

ஜெரோம் எப்படிப் போனான் என்று கேட்பீர்கள். ஒரே நாளில் போகவில்லை.

அவன் அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது பங்கில் எல்லோரும் ஜெபிக்கிறோம் என்றார்கள். ஜெபித்துமிருப்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவனும்தான் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். அப்போது அந்தக் கரையில் ஜெரோம் வேலை பார்க்கும் ஜுருவிலிருந்து பெர்னார்ட் என்று ஒருவர் வந்தார். அங்கே காடி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். காடி என்றால் இங்கே கார். ஜெரோமின் பழைய காடியைச் சரிசெய்து கொடுத்த பழக்கம். ஒரு தூக்குச் சட்டியில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து, "சாப்பிடுங்கக்கா, பேச வரல, சாப்பாடு குடுக்க வந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவர் மனைவி வந்தாள். அதற்கு மறுநாள் வேறொருவர். கடைசிவரை ஒரு நாள்கூட அந்தத் தூக்குச் சட்டி வராமல் இருந்ததில்லை.

யாரென்று விசாரித்தபோது, செபராங் ஜெயாவில் ஒரு வீட்டில் கூடும் சபை என்றான் ஜெரோம். கோயில் இல்லை, குருவானவர் இல்லை. முதல் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், இருப்பதைப் பகிர்ந்துகொண்டார்கள், விதவைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டார்கள். நாங்களும் அதை அப்படியே செய்கிறோம் என்றாராம் பெர்னார்ட்.

சேவியரை அடக்கம் செய்தபோது கோயில் நிறைந்திருந்தது. அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தவர்கள், எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டு லெட்சுமி அக்காவும் அந்தச் சபைக்காரர்களும் மட்டும்தான். ஜெரோம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வேலைக்குப் பக்கம் என்று சொல்லி ஜுருவில் அறை எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவது குறைந்தது. ஒருநாள் நின்றது.

4

அந்தப் போனுக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் என் அடையாள அட்டை விஷயமாக ஒரு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாகியும் நான் இங்கே குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிதான். என் அட்டையின் நிறமே வேறு. கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் கணவர் பற்றிக் கேட்டாள். விதவைக்குச் சொல்வது என்று நினைத்து, சந்தையில் காதில் விழுந்த வார்த்தையை வைத்து, "நான் ஜண்டா," என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, கணவர் விவாகரத்து செய்துவிட்டாரா, இறந்துவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டாள். இறந்துவிட்டார் என்றதும், "அப்படின்னா மக்சிக், நீங்க பாலு," என்று திருத்தினாள். மக்சிக் என்றால் அத்தை மாதிரி. பாலு என்றால் கணவனை இழந்தவள். நம் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஆளின் பெயர் பாலு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதேன். அந்தப் பெண் ஒரு காகிதக் கைக்குட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

வெளியே வந்தவள் நேரே எங்கள் பங்கு குருவானவரிடம் போனேன். பேராக் பக்கத்துத் தமிழர், எந்நேரமும் அவசரத்தில் இருப்பவர். அன்றைக்கு உட்காரச் சொன்னார். ஜெரோம் கேட்டதை அப்படியே அவரிடம் கேட்டேன்.

"ஜெபிச்சாங்கம்மா. பழைய கல்லறைச் சுவர்லயெல்லாம் கீறி வச்சிருக்காங்க, இவருக்காக வேண்டிக்கோங்கன்னு," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அவன் கேட்கிறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆரம்பத்துல என்ன இருந்ததுன்னு தெரிஞ்சிக்கத்தான் வேணும். எல்லாத்தையும் அப்படியே செய்யணும்னாதான் சிக்கல். பெரிய பாவம் செஞ்சவன் கோயில் வாசல்ல நின்னு வருஷக்கணக்கா அழணும்னு வச்சிருந்தாங்க. அத யாரும் திரும்பக் கேட்கலையே. எல்லாரும் தனக்குப் பிடிச்சதத்தான் பழசுன்னு எடுத்துக்கிறோம். நானும்தான்."

"அப்ப அவன்கிட்ட என்ன சொல்லட்டும் ஃபாதர்?"

"சாப்பிட்டானான்னு கேளுங்க," என்றார். அது பதிலா, தப்பித்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

5

சனிக்கிழமை மத்தியானம் ஃபெரியில் பட்டர்வொர்த் போய் இறங்கினேன். ஜெரோம் காடியோடு நின்றான். மெலிந்திருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்றைக்கு உபவாசம், கூட்டத்தில்தான் சாப்பாடு என்றான்.

செபராங் ஜெயாவில் வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் காடி நிறுத்துகிற இடத்தில் செருப்புகள் குவிந்திருந்தன. வாசலில் பெர்னார்டின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு, ஒரு துணியை நீட்டினாள். "தலைக்குப் போட்டுக்கங்கக்கா. பைபிள்ல பவுல் சொன்னது."

நான் ஜெரோமைப் பார்த்தேன். அவன் பெருமையோடு, "முதல்ல எல்லா இடத்துலயும் பொம்பளைங்க இப்படித்தான்மா ஜெபம் பண்ணாங்க," என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு, துணியை வாங்காமல் என் சேலைத் தலைப்பையே எடுத்துப் போட்டுக்கொண்டேன். இந்த ஊருக்காக நான் விட்ட ஒன்றை, இந்த ஊரில் பிறந்த என் பிள்ளை ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து கண்டுபிடித்து எனக்கே சொல்லித் தருகிறான். அவனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் சந்தோஷம் குறைந்துவிடும் என்று தோன்றியது.

உள்ளே இருபது பேர் இருப்பார்கள். பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெர்னார்ட் வேதத்திலிருந்து விதவைகளைப் பற்றிய பகுதியை வாசித்தார். உண்மையான விதவை யார், அவளைச் சபை எப்படித் தாங்க வேண்டும், பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்கள்தான் பெற்றவளுக்குக் கைம்மாறு செய்ய வேண்டும் என்றெல்லாம். அந்தக் கடைசி வரியில் ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு ஒரு சின்னப் பெண் பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து என் கால்களைக் கழுவினாள். யாரும் என் காலைத் தொட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! அவள் துடைத்து முடிக்கும்வரை நான் நிமிரவே இல்லை.

ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோருக்கும் சோறு பரிமாறினார்கள். நல்ல சாப்பாடு. நல்ல மனிதர்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடம் பொய் சொன்னவளாவேன். நம் கோயிலில் இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று அந்தப் பாயில் இருந்தது. அன்றைக்கு அவர்கள் கேட்டிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு வெள்ளைத் துணியில் அப்பத்தை எடுத்து வைத்தார்கள். பெர்னார்ட் ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் எழுந்து என் பக்கம் வந்து குனிந்தான்.

"அம்மா, கொஞ்சம் வெளிய உட்காருங்கம்மா. முழுக்கு எடுத்தவங்க மட்டும்தான் இதுல இருக்கலாம்."

"நான் எடுத்திருக்கேனேடா."

"அது குழந்தையில தண்ணி தெளிச்சதும்மா. அது கணக்கில்ல." அவன் பாயின் ஓரத்தைப் பார்த்தான். "என்னுதும் கணக்கில்லதான். நான் மறுபடி எடுத்துக்கிட்டேன். பத்துபெரிங்கி கடற்கரையில, கடல்ல முங்கி."

அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில் தொட்டி அருகே அவனைப் பிடித்திருந்தது சேவியர். தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழுதான், சேவியர் பயந்துபோய் என்னிடம் நீட்டினார். அது கணக்கில்லை. நான் எழுந்து வெளியே வந்து செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினார்கள். உள்ளே பாட்டுக் கேட்டது. ஜெரோமின் குரலைத் தனியாகப் பிரித்து என்னால் கேட்க முடிந்தது.

கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. எங்கள் கோயில் உறுதிபூசுதல் வகுப்பில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான் இது. ஆதித் திருச்சபையில், திருமுழுக்குப் பெறாதவர்கள் அப்பம் பிடும் நேரத்தில் வெளியே அனுப்பப்பட்டார்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். வெளியே போனவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

6

திரும்பும்போது அவனே என்னைக் கொண்டுவிட வந்தான். ஃபெரித் துறைக்கு அருகில் காடியை நிறுத்தினான். நான்தான் ஆரம்பித்தேன்.

"முழுக்கு எடுக்காதவங்கள வெளிய அனுப்பணும்னு பைபிள்ல எங்க இருக்கு?"

"பைபிள்ல நேரா இல்ல. ஆனா அப்போஸ்தலர் காலத்த ஒட்டி எழுதினதுல இருக்கு."

"செத்தவங்களுக்கு வேண்டிக்கிட்டதும் இருக்காம். கல்லறைச் சுவத்துல கீறி வச்சிருக்காங்களாம். ஃபாதர் சொன்னாரு."

"அது பின்னாடிம்மா. ரெண்டாம் நூற்றாண்டு, மூணாம் நூற்றாண்டு. அப்பவே கெட ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப உங்க அப்பா எந்த நூற்றாண்டுடா?"

சொன்ன பிறகுதான் அதன் கூர்மை எனக்கே உறைத்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழத் தொடங்கினான். அவன் அப்பா அடக்கத்தன்று அழாத பிள்ளை.

"அப்பா முழுக்கு எடுக்கலம்மா," என்றான். "கடைசி வாரம் நான் கேட்டேன். நீங்க வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தீங்க. பெர்னார்ட் அண்ணன் வந்து செய்யறேன்னாரு, ஆஸ்பத்திரியில இடம்கூட கேட்டு வச்சிருந்தோம். அப்பா சிரிச்சாரு. 'எனக்குத்தான் எப்பவோ ஆயிடுச்சேடா'ன்னாரு. சிரிச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

நான் அவன் கையைப் பிடித்தேன். உதறவில்லை.

"நான் நம்புறது உண்மைன்னா அப்பா எங்க இருக்காரு? அப்பா நல்ல இடத்துல இருக்காருன்னா நான் நம்புறது என்ன? பூசையில உட்கார்ந்து அவருக்காக வேண்டிக்கிட்டா, அவருக்கு இன்னும் வழி இருக்குன்னு நானே என்ன ஏமாத்திக்கிற மாதிரி இருக்கும்மா. வேண்டிக்காம இருந்தா தூக்கம் வரல."

திமிர் என்று நினைத்திருந்தேனே, அது பயம். ஒரு வருஷமாக அந்தப் பயத்தோடு அவன் தனியாக ஜுருவில் ஒரு அறையில் படுத்திருக்கிறான். அந்தச் சபைக்காரர்கள் சோறு கொடுத்தார்கள், துக்கத்தில் கூட நின்றார்கள். அதே கையால் இதையும் கொடுத்தார்கள். அவர்களும் வேண்டுமென்று செய்யவில்லை. முதலில் எது இருந்ததோ அதுதான் சரி என்று ஒரு கோடு போட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது நின்றுதானே ஆக வேண்டும்? என் வீட்டில் அது சேவியர்.

அப்பா நல்ல இடத்தில் இருக்கிறார் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்றான். தெரியாது, ஆனால் அவரை எனக்குத் தெரியும் என்றேன். அது அவனுக்குப் போதவில்லை. அவனுக்கு ஆதாரம் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு மனிதரோடு வாழ்ந்த வாழ்க்கை மட்டும்தான்.

ஃபெரி வந்தது. காடியிலிருந்து இறங்கிப் போனேன்.

7

பூசை செவ்வாய்க்கிழமை காலை. ஆள் அதிகமில்லை. வாசகத்தை அலுவலகப் பெண்ணே வாசித்தாள், ஜெரோம் எங்கே என்று கேட்கவில்லை. என்னோடு லெட்சுமி அக்கா வந்திருந்தாள். அவள் இந்து, மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் கோயிலுக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தபோது அவள் வழக்கம்போலக் காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டாள். நான் நின்று அவளைப் பார்த்தேன்.

"என்னா செல்வி, போ," என்றாள் மெதுவாக.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதாக்கா, நாங்க எல்லாம் போறப்ப?"

"பழகிடுச்சி. போ, வரிசை போகுது பாரு."

வரிசையில் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். முன்பு இருந்த ஆறுதல் அதில் அன்றைக்கு இல்லை.

பிறகு கல்லறைக்குப் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றி, நித்திய இளைப்பாற்றிக்கான ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னேன். பதில் பாதி எப்போதும் ஜெரோம் சொல்வது. சொல்ல ஆளில்லாமல் நான் நிறுத்தியபோது, லெட்சுமி அக்கா அதைச் சொன்னாள். ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. எத்தனை அடக்கங்களில் கேட்டிருப்பாள்!

மத்தியானம் ஜெரோம் வந்தான். வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேலையிலிருந்து அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஃபெரியில் வந்திருந்தான். பூசை எப்படி நடந்தது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சேவியர் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். சாப்பிட்டாயா என்றேன். இல்லை என்றான். இலை போட்டேன். சேவியருக்குப் பிடித்த சுறாப் புட்டும் ரசமும்தான் செய்திருந்தேன்.

அவன் இப்போது சாப்பாட்டுக்கு முன் சிலுவை போடுவதில்லை. கைகளை விரித்து, கண்ணை மூடி, வாய்விட்டு ஜெபிப்பான். அவர்கள் சபையில் கடவுளை ஆண்டவரே, பிதாவே என்றெல்லாம் கூப்பிடுவதில்லை. முதல் கிறிஸ்தவர்கள் எந்தச் சொல்லால் கூப்பிட்டார்களோ அந்தச் சொல்லால்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் நம் தமிழிலும் அதேதான் என்பதில் பெர்னார்டுக்குப் பெரிய சந்தோஷமாம்.

ஜெரோம் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா," என்றான்.

அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடியும், "அப்பா," என்றான். விரித்த கைகள் அப்படியே நின்றன. அவன் யாரைக் கூப்பிட்டான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்குமா என்றும் தெரியாது. நான் கேட்கவில்லை. அவன் முடிக்கட்டும் என்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இலையில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது.